ஸரூக் முதலாளியின் மூன்றாவது குழி

நாலு பேரிடம் கேட்டுச் செய்பவர் என்றொரு பிறவி உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவுக்கு ஒருவர், கந்தோர், ஒப்பீஸ் என்றால் இருவர், கல்யாண வீடென்றால் பந்திக்கு ஒருவராவது அகப்படுவார். தன் எண்ணத்துக்கு எதையும் செய்யமாட்டார். அப்படிச் செய்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. சட்டைத்துணி எடுப்பதானாலும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதானாலும், ஆடுகிற பல்லைப் பிடுங்குவதானாலும் கேட்பார். கேட்டதை இன்னும் நாற்பது பேரிடம் சொல்லுவார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவர் எப்போது கேட்கிறார் என்பதைக் கவனித்தீர்களா? துணியை வாங்கி, தைத்து, போட்டுக்கொண்டு வந்து நின்று, "இந்தக் கலர் எனக்கு எடுப்பா ஈக்கு தானே?" என்பார். பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து, வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "புடுங்கினது நல்லது தானே?" என்பார். நீங்கள் ஆமென்று தலையை ஆட்டினால் விஷயம் தெரிந்தவர். இல்லையென்றால் பாவம், உங்களுக்கு உலகம் பிடிபடவில்லை. உங்களை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவார். ஒரு 'ஆமாம்' அகப்படும் வரை போய்க்கொண்டே இருப்பார்.

மனிதரிடம் கேட்கும் வரை இவரால் ஊருக்குப் பெரிய நட்டமில்லை. மண்ணிடம் போய்க் கேட்டால்தான் வினை.

இந்த இனத்தில் கலப்படமில்லாத ஒருவரைப் பார்க்கவேண்டுமானால் நீங்கள் இலங்கை மலைநாட்டில் இருக்கும் பதுளைக்கு வரவேண்டும். கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸரூக் முதலாளிதான் அவர். சம்பளம் போட்ட மறுநாள் லுணுகலைப் பக்கமிருந்தும் மடுல்சீமைப் பக்கமிருந்தும் தேயிலைத் தோட்டத்துச் சனம் பஸ் ஏறி வந்து இறங்கும். வந்தவர் எந்தச் சேலையை வேண்டாமென்று தள்ளுகிறாரோ அதையே எடுத்து அவர் தோளில் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, முதலாளி கேட்பார்: "ராணி மாதிரி ஈக்கு தானே?" கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு இல்லையென்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வியாபாரம் அப்படித்தான் நடந்தது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில் இருக்கலாம் என்பதையே மனிதர் காலப்போக்கில் மறந்துபோனார்.

இப்படி இருக்கையில்தான் மகள் றமீலாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. எழுபத்தெட்டாம் வருஷம். மாப்பிள்ளை கொழும்பு. அவர்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வீட்டிலோ பின்பக்கம் பழைய வாளிக் கக்கூஸ். கொழும்பு மாப்பிள்ளையை அதற்குள் அனுப்புவதா? அனுப்பினால் அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விடமாட்டாரா? வெளிநாட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய நேரம் அது. முதலாளி கொழும்புக்கு ஆள்விட்டு ரோஸ் நிறத்தில் ஒரு பீங்கான் கொமட் எடுப்பித்தார். வைக்கோல் சுற்றி, கார்ட் ஐயாவிடம் பத்திரம் சொல்லி, ரயிலில் ஏறி, மலையெல்லாம் வளைந்து வளைந்து பதுளையில் வந்து இறங்கியது கொமட். மாப்பிள்ளைக்கு முன்னால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் அதற்கே கிடைத்தது. ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் துணியைத் தூக்கிக் காட்டி, "கலர் வடிவா ஈக்கு தானே?" என்று கேட்டார். எல்லாரும் வடிவென்றுதான் சொன்னார்கள்.

கொமட் வந்துவிட்டது. கீழே போகிறது எங்கே போய்ச் சேரும் என்பதுதான் பாக்கி.

வீட்டின் அமைப்பை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். பதுளையில் சமதரை ஏது? முதலாளியின் வீடு மேல்தட்டில். கல்லடுக்கிய கட்டுக்குக் கீழே, அடுத்த தட்டில், ராசம்மாவின் வீடு. கட்டின் அடியிலேயே அவள் கிணறு. ராசம்மா விடிய எழும்பி இடியப்பம் அவித்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து, நாலு பிள்ளைகளைப் படிக்கவைப்பவள். டவுன் பைப்பில் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. ஆகவே முதலாளி வீட்டாரும் குடிக்க அந்தக் கிணற்றில்தான் அள்ளுவார்கள். முதலாளியின் காலைச் சாப்பாடு ராசம்மாவின் இடியப்பம். கல்யாணச் சமையலுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள். முதலாளி மறந்தார்.

கக்கூஸ் குழி வெட்டுமுன் மண்ணைப் பரிசோதிக்கவேண்டும் என்பது சட்டம். சுகாதாரப் பரிசோதகர் இராசையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தேவையில்லாமல் சிரிக்கமாட்டார், தேவைக்கும் சிரிக்கமாட்டார். வீட்டு வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"முதலாளி, சின்னதா ஒரு கிடங்கு வெட்டி, நிறையத் தண்ணி விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கோ. விடிய மறுபடி நிரப்பி, எவ்வளவு வத்துதெண்டு பாருங்கோ. நிண்டாலும் பிழை, ஓடினாலும் பிழை. மெல்ல மெல்ல ஊறவேணும். என்னைக் கேட்டால், அந்தக் கடைசி வேலியோரம்தான் நல்லது. கிணத்துக்கும் தூரம்."

இவ்வளவும் சொன்னார். முதலாளியின் காதில் விழுந்தது 'நல்லது' என்ற சொல் ஒன்றுதான். கடைசி வேலியோரமா? கொழும்பு மாப்பிள்ளை வாழைகளுக்கு நடுவே வளவு நீளத்துக்கும் நடப்பதா? குழி எங்கே வரவேண்டும் என்று கொமட் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது: மணமகள் அறைக்குப் பின்னால், ஒட்டினாற்போல. இனிப் பரிசோதனை எதற்கு? அந்த இடம் நல்ல இடம் என்று மண் வாயால் ஒருதரம் கேட்டுவிடத்தான்.

தோட்டத்திலிருந்து வேலையில்லாத நாட்களில் வந்து மண்வெட்டி பிடிக்கும் கணபதி முதலாவது குழியை வெட்டினான். பசை மாதிரிச் சிவப்புக் களி. தண்ணீர் விட்டார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் விட்ட தண்ணீர் விட்டபடி இருக்கிறது. ஒரு தவளை மட்டும் புதிதாகக் குடிவந்திருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் சரிதான் என்று வேலியோரம் போயிருப்பார். முதலாளி நாலு பேரிடம் கேட்கப் போனார்.

பள்ளிவாசல் படியில் கேட்டார். சீமெந்து விற்கும் மொஹிதீன் ஹாஜியாரிடம் கேட்டார். "ரெண்டு நாள் போனா வத்தும் தானே?" "வத்தாம என்ன!" என்றார் ஹாஜியார். சீமெந்து விற்கிறவர் வேறென்ன சொல்லுவார்? தோளில் சேலையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்ற பெண்களிடம் கூடக் கேட்டார். பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் மட்டும், "களிமண்ணுல நின்ன தண்ணி நிக்கத்தான் செய்யும் மொதலாளி, எங்க போகும்?" என்று சொல்லிவிட்டான். டிக்கட் கிழிக்கிறவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று முதலாளி அவனை அதோடு விட்டார்.

இரண்டாவது குழி பக்கத்திலேயே. கடையிலிருந்து துணி அளக்கிற யார்க்கோலைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் இறக்கினார். துணி அளக்கும்போது பெருவிரலை எங்கே வைத்தால் அளவு கூடும், எங்கே வைத்தால் குறையும் என்று முப்பது வருஷமாகக் கற்ற கை. கோல் கொஞ்சம் சாய்ந்தது.

"என்ன கணபதி, எறங்கி ஈக்கு தானே?"

"ஆமாங்க மொதலாளி. எறங்கின மாதிரிதாங்க தெரியுது."

"எவ்வளவு எறங்கி ஈக்கும்?"

"மொதலாளி எவ்வளவு சொல்றீங்களோ, அவ்வளவுங்க."

இந்த இனத்துக்கு இப்படி ஒரு கணபதி கட்டாயம் தேவை. அவனைக் குறை சொல்லாதீர்கள். இல்லையென்று சொன்னால் இன்னொரு குழி வெட்டவேண்டும், முதுகு அவனுடையது. அவன் பாவம், ஆமென்று சொல்லியும் இன்னொரு குழி வெட்டவேண்டி வந்தது. ஏனென்றால் தவளை இரண்டாவது குழிக்கும் வந்துவிட்டது, அது யாருக்கும் ஆமாம் போடவில்லை.

மூன்றாவது குழி, முதலாளியின் மனைவி ஸித்தி ஸுபைதா உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே. அவள் ஆசையாக நட்டிருந்த புதினாப் பாத்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே வெட்டினார்கள். கல்லடுக்கிய கட்டுக்கு இரண்டு எட்டுத் தூரம். அரை ஆள் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ இடித்து உள்ளே போயிற்று. எலி தோண்டியதோ, எந்தக் காலத்து வேர் உக்கியதோ, கட்டின் கற்களுக்கிடையே இருந்த பொந்தோ, யார் கண்டார்? ஒரு வாளி ஊற்றினார்கள். மடக்கென்றது. காணோம். இன்னொரு வாளி. காணோம். முதலாளியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாளி வாளியாக ஊற்றச் சொன்னார். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு அவர்கள் கையாலும் ஊற்றச் சொன்னார். ஊறவிடுவதா? இரவு முழுக்கவா? கண்ணுக்கு முன்னால் இப்படிக் குடிக்கிற மண்ணை எதற்கு ஊறவிடவேண்டும்!

"அல்ஹம்துலில்லாஹ்! மண்ணெண்டா இதுதான் மண்!"

பிடுங்கி எறியப்பட்ட புதினாவை ஸுபைதா கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாங்க, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"கீழ போகுது."

"கீழ எண்டா?"

"பூமிக்குள்ள, புள்ள. பூமி எவ்வளவு பெருசு!"

இதுதான் இவர்கள் எல்லாருடைய பூகோளம். கண்ணுக்கு மறைந்தால் காரியம் முடிந்தது.

மேசன் பாஸுக்குச் சொல்லியாயிற்று. கல் வந்து இறங்கியது. இனிப் பரிசோதகர் வந்து பார்த்து, சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கிடையில் ஸுபைதாவுக்குக் கல்யாண வேலை தலைக்கு மேல். சாப்பாட்டுக்கு விரிக்கிற வெள்ளைத் துணிகள், படுக்கை விரிப்புகள், திரைச்சீலைகள், உறவுக்காரர் வீடுகளில் இரவல் வாங்கியவை எல்லாம் வெளுக்கவேண்டும். வெளுத்து, நீலம் போடவேண்டும். நீலத் தண்ணீரை எங்கே கொட்டுவது? வழக்கமாக அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கானை முதலாளியின் மண்குவியல்கள் மூடிவிட்டன. பக்கத்திலேயே எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாத குழி ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. தொட்டி தொட்டியாக அதற்குள் கவிழ்த்தாள். பிற்பாடு அவளுக்கே அந்தக் குழி பிடித்துப்போயிற்று. முதலாளிக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? இவ்வளவு ஊத்தியும் ஒரு சொட்டு நிக்குதா?"

மறுநாள் காலை இடியப்பத் தட்டைப் பார்த்து முதலாளி அசந்துபோனார்.

"இன்னக்கி என்ன, இடியப்பம் இப்படி வெள்ளையா ஈக்கு!"

உண்மையாகவே வெள்ளை. வெறும் வெள்ளையல்ல, கண்ணைக் கூசும் வெள்ளை. ரெண்டு கூடுதலாகவே சாப்பிட்டார். அடுத்த நாள் இன்னும் வெள்ளை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் காலை இதே இடியப்பம்தான் என்று முடிவு செய்தார். கீழே எட்டிப்பார்த்து, "ராசம்மா, மா மாத்தினது தானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க மொதலாளி, அதே மாவுதாங்க. எனக்கே ஒண்ணும் வெளங்கல."

விளங்கவில்லை என்பதெல்லாம் ஒரு பதிலா? மா மாற்றியிருக்கிறாள், மறைக்கிறாள் என்று கடையில் போய்ச் சொன்னார் முதலாளி.

அதற்கடுத்த காலை பரிசோதகர் இராசையா வந்தார். முதலாளி அவரை மூன்றாவது குழிக்கு முன்னால் நிறுத்தி, கணபதி கையில் வாளியைக் கொடுத்து, கல்யாணப் பெண்ணைக் காட்டுகிறவர் மாதிரி நின்றார். அந்த நேரம் பார்த்து ராசம்மா படியேறி வந்தாள். ஒரு கையில் இடியப்பக் கூடை, ஒரு கையில் கிணற்றுத் தண்ணீர் வாளி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அம்மா, எங்க கெணத்துல எவனோ என்னத்தையோ கலந்துட்டானுங்க. இதப் பாருங்க, இடியாப்பம் நீலமா போயிருச்சு! ஒரு கடைக்காரன் வாங்கலைங்க. எல்லாரும் கூடையோட திருப்பி அனுப்பிட்டாங்க. புள்ளைங்க இந்தத் தண்ணியத்தான குடிச்சுச்சுங்க ரெண்டு நாளா? அதுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா என்ன செய்வேன்?"

ஸுபைதா வாளியைப் பார்த்தாள். வானம் தெரிகிறதென்று நினைக்கலாம், அப்படி ஒரு இளநீலம். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் அதே நிறம்.

"யா அல்லாஹ்! இது நம்மட நீலம்!"

பரிசோதகர் குழியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், கீழே கிணற்றைப் பார்த்தார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆனால் நம்மவர் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாரா?

"நீலம் லேசான சாமான். அது எதுக்குள்ளயும் போகும். மத்தது கனம். அது போகாது தானே, ஐயா?"

"முதலாளி, நீலம் போற வழியால எல்லாம் போகும்."

முதலாளி கணபதியிடம் திரும்பினார். "கணபதி, நீ வெட்டினவன், உனக்குத் தெரியும். போகாது தானே?"

கணபதி திருதிருவென்று விழித்தான். இத்தனை நாள் போகுமென்று சொல்லச் சொல்லிப் பழக்கிவிட்டு, இன்றைக்குத் திடீரென்று போகாதென்று சொல்லச் சொன்னால் அவன்தான் என்ன செய்வான்? "மொதலாளி, இன்னைக்கு எதைச் சொல்லணும்? போகும்னா, போகாதுன்னா?" என்று மரியாதையாகவே கேட்டான்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. முதலாளி கொஞ்சம் யோசித்து, முகம் தெளிந்து, ராசம்மாவிடம் சொன்னார்: "ஒண்ணும் பயப்படாத. கிணத்த மூடிட்டு அங்கால வேற ஒண்டு வெட்டித் தாறன். நல்ல யோசனை தானே?"

குழி இருந்த இடத்தில் இருக்குமாம், கிணறு எழும்பி நடக்கவேண்டுமாம்! கேட்டீர்களா நியாயத்தை? ராசம்மா வாளியை மடாரென்று கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு இருக்கறப்ப வெட்டின கெணறுங்க அது. ஒங்க வீட்டுக்கும் ஒரு நாளு இல்லன்னு சொன்னேனா?" என்றாள்.

ஸுபைதா உள்ளே போனாள். ஒரு தட்டோடு வந்தாள். ராசம்மாவின் கூடையிலிருந்து நீல இடியப்பம் இரண்டை எடுத்து வைத்து, பக்கத்தில் சம்பலும் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு, புருஷனுக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, திண்டுட்டுச் சொல்லுங்க."

"என்ன புள்ள இது, ஆக்களுக்கு முன்னால…"

"முந்தாநாளும் நேத்தும் ருசிச்சுத் தானே திண்டீங்க? அது வெறும் நீலம். இனி மாப்பிள்ளைட ஆக்கள் வந்து இந்த வீட்டுல ஒரு ராத்திரி தங்கினதுக்குப் பொறகு, விடிய ராசம்மா இதே கிணத்துல அள்ளி அவிச்சுத் தருவா. அத அவங்களுக்கு வெப்பீங்களா? றமீலா அத திம்பாளா? நீங்க திம்பீங்களா?"

முதலாளி தட்டைப் பார்த்தார். பின்கதவால் தெரிந்த ஹோலில் பூப்போட்ட துணிக்குள் உட்கார்ந்திருந்த ரோஸ் கொமட்டைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். சாப்பிடுவேன் என்றாலும் மானம் போகும், மாட்டேன் என்றாலும் போகும். கடைசியில் தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"கணபதி, குழிய மூடு" என்றார்.

கவனித்தீர்களா? கேள்வி இல்லை. அவர் வாழ்நாளில் யாரிடமும் ஒப்புதல் வாங்காமல் சொன்ன முடிவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நாலாவது குழியைப் பரிசோதகர் சொன்ன கடைசி வேலியோரம் வெட்டினார்கள். தண்ணீர் ஒரு இரவு ஊறியது. மறுநாள் மெல்ல மெல்ல, யாருக்கும் வேடிக்கை காட்டாமல் வற்றியது. ராசம்மாவின் கிணற்றை அடிமண் தெரிய இறைத்துச் சுத்தப்படுத்திக் கொடுத்தார்கள். அவள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்யாணம் சிறப்பாக நடந்தது. மறுநாள் காலை இடியப்பம் பழையபடி சற்றே மங்கலாக வந்தது, எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். கொழும்பு மாப்பிள்ளை மழை நாட்களில் குடை பிடித்துக்கொண்டு வாழைகளுக்கு நடுவே ரோஸ் கொமட்டைத் தேடிப் போகிறார். முதல் நாளே மாமனார் கேட்டுவிட்டார், "நடக்கிறது ஒடம்புக்கு நல்லது தானே?" என்று. புது மாப்பிள்ளை, என்ன சொல்லுவார்?

முதலாளி திருந்தினாரா என்று கேட்பீர்கள். பதுளைக்கு வந்தால் புடவைக்கடைக்குள் எட்டிப்பாருங்கள். யாராவது வீடு கட்டுகிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், யார்க்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவார்: "குழி வெட்ட முந்தி நீலம் ஊத்திப் பாக்கணும். பக்கத்துக் கிணத்துக்குப் போகுதா இல்லையா எண்டு உடனே தெரிஞ்சிரும். நான் கண்டுபிடிச்ச வழி. நல்ல வழி தானே?" எல்லாரும் ஆமென்கிறார்கள். உள்ளேயிருந்து ஸுபைதா இருமுவது மட்டும் கேட்கும்.

நீங்களும் இதுவரை சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள். சந்தோஷம். இப்போது இதை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவரிடம், "நான் இந்த மாதிரி ஆள் இல்லை தானே?" என்று கேட்கப் போகிறீர்கள். எனக்குத் தெரியும். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் பதில் சொல்லாமல் எழுந்து குசினிப் பக்கம் போனால் கொஞ்சம் உஷாராக இருங்கள். தட்டோடு திரும்பி வந்தாரானால், வாயில் வைக்குமுன் நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.